அமெரிக்காவில் இருந்து கனடாவுக்கு வாகனம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள். என்னுடைய 4,200 டொலர் போய்விட்டது

இன்று காலை அந்த வாகன முகவருக்கு ஏழாவது தடவை போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு செய்தி வந்தது: "அண்ணை, மீட்டிங்கில நிக்கிறன்." சில நாளாக அவருக்கு மீட்டிங்தான்.

4,200 டொலர். மனைவி இரண்டு வருடம் கட்டி எடுத்த சீட்டுக் காசு அது. ஆறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். இன்னொரு தமிழ்க் குடும்பம் அந்த ஆளின் படியில் ஏறக் கூடாது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஆளின் பெயர் போடவில்லை. போட்டால் வழக்குப் போடுவாராம், அதற்கும் ஒரு செய்தி வந்திருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் இருந்து வாகனம் எடுத்துத் தரும் முகவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு சட்பரியில் வேலை கிடைத்தது. அங்கே பனிக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வாகனம் வேண்டும் என்று 2019 டொயோட்டா ஃபோர்ரன்னர் ஒன்று பார்த்தோம். கிளீவ்லாண்ட் பக்கம் ஒரு விற்பனையாளரிடம் 30,000 அமெரிக்க டொலருக்கு நல்ல நிலையில் இருந்தது. கனேடியக் காசில் 41,400. அதே மாதிரி வாகனத்துக்கு இங்கே ஐயாயிரம் டொலராவது கூடக் கேட்டார்கள். அப்போதுதான் ஒருவர் இந்த முகவரைக் கைகாட்டினார்.

நான் அவரை நம்பிய இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் நம்புவீர்கள். போனவுடன் தேத்தண்ணி தந்தார். ஊர் கேட்டார். கரவெட்டி என்றதும் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் வந்து இருந்தார், தானும் வடமராட்சியாம். பிறகு ஒரு கோவையைத் திறந்து, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் செய்த வர்த்தக ஒப்பந்தத்தின் தாள்களைக் காட்டினார். 1994இல் வந்த நாஃப்டா, 2020 ஜூலை 1இல் அதற்குப் பதிலாக வந்த கஸ்மா, எல்லாம் விளக்கமாகச் சொன்னார். "சுங்கத் தீர்வை பூச்சியம்" என்ற வரிக்குக் கீழே மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தது. "அண்ணை, அமெரிக்காவில ஓடின வாகனம், அமெரிக்காவில வாங்கிறம். ஒப்பந்தம் இருக்கு. தீர்வை ஒரு சதமும் இல்லை. ஜிஎஸ்டி, ஆர்ஐவி (இறக்குமதி வாகனப் பதிவு), ஏத்தி இறக்கிற கூலி, என்ர கூலி எல்லாம் சேர்த்து 4,200. நீங்கள் வீட்டு வாசலில நிண்டு திறப்பை வாங்கினாச் சரி."

எழுத்தில் இருந்தது, ஊர்க்காரர், மஞ்சள் கோடு. அன்றே இ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணினேன். பற்றுச்சீட்டில் "சேவைக் கட்டணம்" என்று ஒரே ஒரு வரி. அதில் என்ன அடக்கம் என்று எழுதித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய். வாகனத்தை ஏற்றி வந்த சாரதி பஃபலோவில் இருந்து எனக்குப் போன் எடுத்தார். அமெரிக்கப் பக்கத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பழைய வாகனம் ஒன்றை அந்த நாட்டில் இருந்து வெளியே கொண்டுபோவதென்றால், வெளியேறப் போகும் எல்லையில் உள்ள அமெரிக்கச் சுங்கத்திடம் உரிமைப் பத்திரத்தை 72 மணித்தியாலத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். முகவர் கொடுக்கவே இல்லை. கேட்டேன். "அவையின்ர கொம்பியூட்டரில பிழை அண்ணை" என்றார். மூன்று நாள் வாகனம் பஃபலோவில் நின்றது.

வெள்ளிக்கிழமை மனம் கேட்காமல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானே ஃபோர்ட் ஈரிக்குப் போனேன். பீஸ் பாலத்தைத் தாண்டி வாகனம் கனடாப் பக்கம் வந்துவிட்டது. சுங்க அதிகாரி, இளம் பெண், மரியாதையாகத்தான் பேசினார். கட்ட வேண்டிய தொகையை எழுதித் தந்தார். வாகனத்துக்கு 6.1 வீதம் தீர்வை 2,525 டொலர் 40 சதம். குளிரூட்டிக்கான வரி 100. இவை எல்லாவற்றுக்கும் மேலே 5 வீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 4,826 டொலர் 67 சதம்.

ஒப்பந்தம் இருக்கிறதே என்றேன். அவர் என்னை வாகனத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த வின் நம்பரை, அதாவது வாகனத்தின் அடையாள இலக்கத்தைக் காட்டினார். பதினேழு இடத்தில் முதல் எழுத்து 'ஜே'. ஜே என்றால் ஜப்பான். ஃபோர்ரன்னர் ஜப்பானில் கட்டப்படுகிற வாகனம். ஒப்பந்தம் பார்ப்பது எங்கே ஓடியது, எங்கே வாங்கினீர்கள் என்பதை அல்ல, எங்கே உற்பத்தியானது என்பதைத்தான் என்று சொன்னார். 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. எழுத்தில் தொடங்கினால் வட அமெரிக்காவில் செய்த வாகனமே இல்லை. ஜே ஜப்பான், கே கொரியா, டபிள்யூ ஜெர்மனி.

ஒரே ஒரு எழுத்து. இதையே தொழிலாகச் செய்கிற மனுசனுக்கு இது தெரியாமல் இருக்குமா? வாங்குவதற்கு முன் வின் நம்பரை நான் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்த அடையாளமாக இரண்டு நீலக் கோடும் விழுந்திருக்கிறது.

ஜிஎஸ்டியாவது அவர் கட்டியிருக்க வேண்டும், அது 4,200க்குள் அடக்கம் என்றுதானே சொன்னார். ஒரு சதமும் கட்டவில்லை. சாரதிக்கும் கூலி கொடுக்கவில்லை, அந்த மனுசன் என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார். எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் நானே கட்டினேன். சாரதிக்கும் நானே கொடுத்தேன், அவர் என்ன பாவம் செய்தார்?

அங்கே நின்றபடியே முகவருக்கு எடுத்தேன். அன்று எடுத்தார். முதலில், "அதிகாரிக்குத் தெரியாது, கட்டுங்கோ, பிறகு நான் திருப்பி எடுத்துத் தாறன்." சனிக்கிழமை கதை மாறியது. ஜப்பானோடும் கனடாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறதாம், அந்தப் பசிபிக் ஒப்பந்தத்தின் கீழ் தீர்வை திரும்பி வருமாம், தொண்ணூறு நாள் பொறுக்கட்டாம். ஒரு இரவு முழுக்க அதை நம்பிக்கொண்டு கிடந்தேன். திங்கட்கிழமை சுங்கத் தகவல் இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். அந்த ஒப்பந்தம் உண்மைதான், 2018 டிசம்பர் 30இல் கனடாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அமெரிக்கா அதில் இல்லை, அதன் முந்தைய வடிவத்தில் இருந்து 2017லேயே விலகிவிட்டது. ஜப்பானில் இருந்து அமெரிக்காவுக்கு வந்து, அங்கே விற்று, ஐந்து வருடம் ஓடிய வாகனத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதாவது இரண்டாவது தடவையும் ஒரு உண்மையான ஒப்பந்தத்தைக் காட்டித்தான் என்னை ஏமாற்றியிருக்கிறார். எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது அப்போதுதான்.

இப்போது அலுவலகத்தில் இருக்கிற பிள்ளை "சேர் வெளியில" என்கிறாள். நேற்று நேரில் போனேன். கதவு பூட்டு, உள்ளே லைட் எரிகிறது.

தீர்வை அரசாங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2,525 டொலர் தீர்வை இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், நான் இங்கேயே வாங்கியிருப்பேன். அவருக்குக் கொடுத்த 4,200, அதோடு இந்த 2,525. 6,725 டொலர். மிச்சம் பிடிக்கப் போன ஐயாயிரமும் போய், அதற்கு மேலேயும் போய்விட்டது. சின்ன வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார்கள், அந்தக் கடதாசிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆனால் நேரம் இல்லை. ஆர்ஐவி பரிசோதனையை 45 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு ரீகோல் (பழுது திருத்த உற்பத்தியாளர் வாகனத்தைத் திருப்பி அழைப்பது) எதுவும் பாக்கி இல்லை என்று உற்பத்தியாளரிடம் ஒரு கடிதம் வேண்டும். "நான் எடுத்திட்டன்" என்று முகவர் சொன்ன கடிதம்தான், அதுவும் இல்லை. இனி நானே எடுக்க வேண்டும்.

ஆகவே அவசரமாக: காசு கொடுக்க முதல் வின் நம்பரின் முதல் எழுத்தைப் பாருங்கள். பிக்கப், வான் எடுக்கிறவர்களுக்கும் இதேதான். அந்த வாகனத்தைக் கனடாவுக்குள் விடுவார்களா என்று போக்குவரத்து அமைச்சின் பட்டியலில் நீங்களே பாருங்கள். ரீகோல் கடிதத்தை வாங்குவதற்கு முன்பே கையில் எடுங்கள். உரிமைப் பத்திரம் 72 மணித்தியாலத்துக்கு முன் கொடுபட்டதா என்று எல்லையிலேயே கேளுங்கள். வரியை முகவர் கையில் கொடுக்காதீர்கள், சுங்கத்தில் நீங்களே கட்டுங்கள்.

இதே பிளாசா மேல்மாடியில் காசு கொடுத்தவர்கள் வேறு யாரும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.