மூன்று வருடம் உழைத்த எஸ்.ஏ.எஸ். கேபிள்: இணைப்பு அறுந்தபோது கண்டது

மேலே ஒரு சர்வர், கீழே 24 டிஸ்க்குகள் உள்ள ஒரு பெட்டி, இரண்டையும் சேர்ப்பது 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு எஸ்.ஏ.எஸ். கேபிள்கள் (எஸ்.ஏ.எஸ். என்பது டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் ஒரு முறை). இந்த அமைப்பை நான்கு வருடத்துக்கு மேலாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கேபிளின் இரு முனையிலும் எஸ்.எஃப்.எஃப்.-8644 கனெக்டர். பெட்டியின் பின்பக்கம் ஏ, பி என்று இரண்டு கன்ட்ரோலர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள். ஒரு வழி போனாலும் இன்னொரு வழியில் வேலை நடக்கும். முதல் மூன்று வருடம் இந்தக் கேபிள்களைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் இரவு எச்சரிக்கை வந்தது. 24 டிஸ்க்குக்கும் இருந்த இரண்டு வழிகளில் ஒன்று ஒரே நொடியில் காணாமல் போயிருந்தது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லா டிஸ்க்கும் ஒன்றாகப் போனால் கோளாறு டிஸ்க்கில் இருக்காது, அவற்றுக்குப் பொதுவான இடத்தில்தான் இருக்கும். சர்வரில் உள்ள கார்டின் போர்ட், கேபிள், பி கன்ட்ரோலர், இந்த மூன்றில் ஒன்று. பி பக்கத்து இணைப்பு விளக்கு அணைந்திருந்தது.

கேபிளைக் கழற்றித் திரும்பவும் மாட்டினேன். விளக்கு எரிந்தது, வழிகள் எல்லாம் திரும்பி வந்தன. சரி என்று விட்டுவிட்டேன். பதினோராவது நாள் அதே எச்சரிக்கை. கழற்றி மாட்டும்போது தொடுமுனைகள் உரசிக் கொஞ்சம் சுத்தமாகும், கேபிளின் வளைவும் சற்று மாறும். அதனால் பழுது போனதுபோலத் தெரியும், காரணம் அப்படியே இருக்கும். அந்தப் பதினோரு நாளும் டிஸ்க்குகள் நம்பத்தகுந்த ஒரே ஒரு வழியில்தான் ஓடியிருக்கின்றன என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தேன். நன்றாக ஓடும் ஏ கேபிளைத் தொடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். சோதனைக்காக இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் ஏ கேபிளைக் கழற்றும் அந்த நொடியில் 24 டிஸ்க்கும் சர்வரிலிருந்து மறைந்துவிடும். பார்ப்பதற்கு இரண்டு கேபிளும் ஒன்றுபோலவே இருப்பதால், இரு முனையிலும் ஒட்டியிருந்த லேபிளை விரலால் தொட்டுப் படித்த பிறகே பி கேபிளைக் கழற்றினேன்.

அதே நீளத்தில் வைத்திருந்த மாற்றுக் கேபிளை அதே இரண்டு போர்ட்டிலும் மாட்டினேன். நான்கு லேனும், அதாவது கேபிளுக்குள் டேட்டா போகும் நான்கு தனிப் பாதைகளும், 12 ஜிகாபிட் வேகத்தில் எழுந்தன. பழையதைத் திரும்ப மாட்டினேன். இணைப்பு வந்தது, ஆனால் மூன்று லேன்தான். இன்னொரு முறை மாற்றி மாட்டியும் அதே விடை. போர்ட்டும் கன்ட்ரோலரும் மாறவில்லை, மாறியது கேபிள் மட்டும்தான். கன்ட்ரோலரை மாற்றச் சொல்லும் கோரிக்கையை எழுதத் தொடங்கியிருந்தேன், அதை அழித்தேன்.

இந்த மூன்று லேன் விஷயம் முக்கியமானது. ஒரு கேபிளுக்குள் நான்கு லேன்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நொடிக்கு 12 ஜிகாபிட் என்றாலும், 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் கையில் நிற்பது லேனுக்கு அதிகபட்சம் 1.2 ஜிகாபைட். நான்குக்கும் சேர்த்து 4.8. ஒரு லேன் விழுந்தால் 3.6. இணைப்பு அறாது, விளக்கும் எரியும். எல்லா டிஸ்க்கும் முழு மூச்சில் ஓடினால்தான் குறை தெரியும், அன்றாட வேலையில் கண்ணில் படாது. பழைய லாக்கைப் புரட்டினேன். ஒரு லேன் விழுந்து எழுந்த வரிகள் ஆறு வாரத்துக்கு முன்பே இருந்தன.

பிழை எண்ணிக்கைகளை லினக்ஸே வைத்திருக்கிறது. ஒவ்வொரு லேனின் முனைக்கும் செல்லாத டிவேர்ட் (32 பிட் கொண்ட டேட்டா துண்டு), டிஸ்பாரிட்டி பிழை (0, 1 சமநிலை தவறுவது), சிங்க் இழப்பு (இரு முனையின் ஒத்திசைவு போவது), ரீசெட் சிக்கல் என்று நான்கு கவுண்ட்டர்கள். கேபிளைச் செருகும்போது இவை சற்று ஏறுவது இயல்புதான், அதனால் எண் எவ்வளவு என்பதைவிட அது ஏறிக்கொண்டே இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எந்த முனை சிக்னலைப் பெறுகிறதோ அந்த முனையில்தான் பிழை பதிவாகும் என்பதால் சர்வர், பெட்டி இரண்டையும் பார்க்க வேண்டும். பழைய கேபிளின் நடுப்பகுதியை லேசாக அசைத்தபோது, பெட்டிப் பக்கத்தில் ஒரே ஒரு லேனின் எண் மட்டும் கண் முன்னே ஓடியது.

காரணமும் அங்கேயே இருந்தது. சர்வரை ரெயிலில் வெளியே இழுக்கும்போது பின்னால் மடங்கி விரியும் கேபிள் கை ஒன்று உண்டு. அதன் மூட்டுக்கு அருகில் பிளாஸ்டிக் பட்டையால் கேபிளை இறுகக் கட்டியிருந்தோம். மெமரி சேர்க்கச் சர்வரை இழுத்தபோதெல்லாம் அந்த இடம் நசுங்கியிருக்கிறது. பட்டையை அறுத்துப் பார்த்தால் உறை தட்டையாகி, நகத்தால் கீறியதுபோல வெளுத்த கோடு. உள்ளே எட்டு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. அதில் ஒரு ஜோடியின் இடைவெளி மாறினாலே சிக்னல் எதிரொலித்துக் கெட்டுவிடும்.

எனவே கேபிளின் தரத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இழுத்துக் கழற்றும் நாடா குறுகிய இடத்தில் பெரிய உதவி. மாட்டிய பிறகு நாடாவைத் தொடாமல் கனெக்டரை மெல்ல இழுத்துப் பார்ப்பேன், வராமல் நின்றால் பூட்டு விழுந்திருக்கிறது. நீளத்துக்கு 2 மீட்டரே சரி. 1 மீட்டரில் சர்வரை இழுக்க இடமில்லை, தேவைக்கு மேல் நீண்டால் இந்த வேகத்தில் சிக்னல் தேயும்.

இப்போது கேபிள்கள் அந்தக் கையின் வழியாகப் போவதில்லை. அகலமான வளைவில் தொங்கவிட்டு வெல்க்ரோவால் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். லேன் எண்ணிக்கை நான்குக்குக் கீழே போனாலே எச்சரிக்கை வரும்படி ஒரு ஸ்கிரிப்டும் ஓடுகிறது. புதிய கேபிள் போட்டு 14 மாதம் ஆகிறது, கவுண்ட்டர்கள் மாட்டிய அன்று இருந்த எண்ணிலேயே நிற்கின்றன. பழைய கேபிளின் இரு கனெக்டரையும் வெட்டிவிட்டுத்தான் கழிவுப் பெட்டியில் போட்டேன், மாற்றுக் கேபிள் என்று நினைத்து யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.