டயர் பட்டன் ஆழம் அளக்கும் டிஜிட்டல் கேஜ்: பழைய காருக்கு வாங்கலாமா?

டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும்) கடைக்குக் கிளம்பும் முன், பட்டன் ஆழத்தை, அதாவது டயரின் ரப்பர் கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கேஜ் அந்த வேலைக்குப் போதும்.

முதலில் கேஜைக் கண்ணாடி மேல் வைத்து அதிலுள்ள ஜீரோ பொத்தானை அழுத்த வேண்டும். இதை விட்டால் எல்லா அளவும் தப்பு. பள்ளத்தில் சிக்கிய கல்லை எடுத்துவிடுங்கள். டி.டபிள்யூ.ஐ. (TWI) மேட்டின், அதாவது தேய்மானத்தைக் காட்டப் பள்ளத்துக்குள் வைத்திருக்கும் சிறு மேட்டின் மேல் ஊசி உட்காரக் கூடாது. அந்த மேடே 1.6 மி.மீ. உயரம், சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவும் அதுதான். உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று அளவு, அதையே டயரைச் சுற்றி மூன்று இடங்களில். திரையில் தெரியும் இரண்டாவது தசமத்தைப் பொருட்படுத்த வேண்டாம், கை ஆட்டமே அதைவிட அதிகம்.

நடு 3 மி.மீ., ஓரங்கள் 5 மி.மீ. என்றால் காற்று அதிகம். தலைகீழாக இருந்தால் குறைவு. முன் டயர் இரண்டிலும் உள்ஓரம் மட்டும் 2.5, வெளிஓரம் 5 என்று வந்தால் டோ (மேலிருந்து பார்க்கையில் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வெளிப்பக்கம் விரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே டயரில் மட்டும் என்றால் கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) பாருங்கள்: சாலைப் பள்ளத்தில் அடித்து, சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கலாம். சுற்றிலும் அளவு ஏறி இறங்கினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும், அல்லது பேலன்சிங் போயிருக்கும்.

பழைய காரில் இதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) தளர்ச்சி தெரியும். மேலும் கீழுமாக ஆட்டினால் சக்கர பேரிங், லோயர் ஆர்மின் முனையிலுள்ள பால் ஜாயின்ட் ஆகியவற்றின் தளர்ச்சி தெரியும். லோயர் ஆர்ம் புஷ்ஷை (அதன் மூட்டிலுள்ள ரப்பர்) நெம்புகோல் வைத்துப் பார்க்க வேண்டும். புஷ் செத்த காருக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு: மெஷினில் நிற்கும்போது சரியாகக் காட்டும் டோ, பிரேக் பிடித்ததும் மாறிவிடும். புது டயரும் அதே மாதிரி தேயும்.

கேஜுக்குத் தெரியாதவையும் உண்டு. பட்டன்களை உள்ளங்கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் குத்தினால் டோ கோளாறு. ஆழ அளவில் இது தெரியாது. பக்கச் சுவர் ஓரிடத்தில் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரைக் கழற்றிவிடுங்கள். அதிகம் ஓடாத காரில் 6 மி.மீ. காட்டும் டயர்கூட இறுகி, வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் கடைசியாக உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-ன் 23-வது வாரத்தில் தயாரானது. ஸ்டெப்னியிலும் இதைப் பார்க்க மறக்காதீர்கள், பெரும்பாலும் காரோடு வந்த டயரே அங்கே கிடக்கும்.

பேட்டரி இல்லாத, ஊசி அழுத்தும் சாதா கேஜ் இன்னும் மலிவு. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அதுவே போதும் என்பேன். டிஜிட்டல்தான் வேண்டும் என்றால், பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். விலை குறைந்தவற்றில் அணைத்து வைத்தாலும் இறங்கிவிடும்.