ஹிப்போகேம்பஸ் எங்கே முடிகிறது? ஒரே மூளை அட்லஸ், தனித்தனிப் பிரிப்பு, நிகழ்தகவு வரைபடம்: எதை எடுப்பது

எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் ஸ்கேன்) தரவிலிருந்து, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் சிக்னலை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். கேட்க எளிதான வேலைதான். உட்கார்ந்து தொடங்கியதும்தான் முதல் சிக்கல் தெரியும்: அது எங்கே முடிகிறது? முன்பக்கம் அமிக்டலா என்ற இன்னொரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே திரவம் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிள், இந்த எல்லையோ ஆளுக்கு ஆள் நகர்கிறது. மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு நிகழ்தகவு வரைபடத்தில் வந்து நின்றவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரே மூளையை வைத்து வரைந்த அட்லஸ்களை, அதாவது எந்த இடம் எந்தப் பகுதி என்று பெயர் குறித்த மூளை வரைபடங்களை, முதலில் பார்த்துவிடலாம். 2002-இல் வந்த ஏஏஎல் என்ற அட்லஸ் இன்னும் எங்கும் புழங்குகிறது. அது காலின்27 என்ற மூளையின் மேல் வரையப்பட்டது. பெயரில் இருக்கும் 27-ஐப் பார்த்து 27 பேர் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே மனிதரை 27 முறை ஸ்கேன் செய்து எடுத்த சராசரி அது. படம் துல்லியமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒருவரின் மடிப்புகள்தான் உங்கள் தரவில் இருக்கும் அத்தனை பேருக்கும் எல்லையாகிவிடும். பழைய கட்டுரைகளின் முடிவோடு ஒப்பிட வேண்டுமென்றால் எடுங்கள், மற்றபடி வேண்டாம்.

அடுத்தது, ஒவ்வொருவரின் டி1 படத்தையும் (மூளையின் அமைப்பைக் காட்டும் எம்ஆர்ஐ படம்) ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளில் கொடுத்து, அவரவர் மூளையிலேயே பகுதிகளைப் பிரிப்பது. கொள்கையளவில் இதைவிடச் சரியானது இல்லை. ஆனால் ஓர் ஆளுக்கே கணினி மணிக்கணக்கில் ஓடும், முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்தவும் வேண்டும். என் கையில் இருந்த தரவில் பலர் தலையை அசைத்திருந்ததால் டி1 படங்களே மங்கலாக இருந்தன. இருபது பேரோடு நிறுத்திக்கொண்டேன். அவ்வளவுதான் என் அனுபவம் என்பதால் இந்த வழியைப் பற்றிப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, நிகழ்தகவு வரைபடம். பலருடைய மூளையில் ஒரு பகுதியைத் தனித்தனியாக வரைந்து, எல்லாவற்றையும் எம்என்ஐ152 (பலரின் சராசரியாக எடுத்த மாதிரி மூளை) போன்ற பொது வெளிக்குக் கொண்டுவந்து அடுக்கினால், ஒவ்வொரு வாக்செலிலும் (முப்பரிமாணப் படத்தின் ஒரு சிறு கட்டம்) எத்தனை பேருக்கு அந்தப் பகுதி விழுகிறது என்று எண்ணிவிடலாம். எஃப்எஸ்எல் என்ற மென்பொருளோடு வரும் ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்ட் அட்லஸ் 18 முதல் 50 வயது வரையான 37 பேரின் எம்ஆர்ஐயிலிருந்து வந்தது. ஜூலிச் அட்லஸ் வேறு வகை: இறந்தவர்களின் மூளைகளை 20 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, சாயமேற்றி, செல்களின் அடுக்கமைப்பைப் பார்த்து எல்லை போட்டது, ஒவ்வொரு பகுதிக்கும் 10 மூளைகள். அதாவது அங்கே ஒரே ஒரு மூளை மாறினாலே எண் 10 சதவீதம் நகரும், அதனால் 43-க்கும் 47-க்கும் இடையே வித்தியாசம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அப்புறம் ஒன்று, 40 சதவீதம் என்றால் அந்த வாக்செலில் நாற்பது சதவீதம் ஹிப்போகேம்பஸ் திசு என்று பொருள் இல்லை. பத்துப் பேரில் நான்கு பேருக்கு அந்த இடம் ஹிப்போகேம்பஸ், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். என் முடிவைத் தீர்மானித்தது ஓரம்தான்.

நிகழ்தகவு அட்லஸ் பயன்படுத்துகிறோம் என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் எடுப்பது உச்ச நிகழ்தகவு வரைபடத்தை. ஒவ்வொரு வாக்செலுக்கும் எந்தப் பகுதியின் சதவீதம் அதிகமோ அந்தப் பெயரை, ஓர் அடையாள எண்ணாக, ஒட்டிவிடும் லேபிள் கோப்பு அது. ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்டில் 0, 25, 50 என்று மூன்று வெட்டுகளில் (இத்தனை சதவீதத்துக்குக் கீழே இருப்பதைத் தள்ளும் எல்லை) கிடைக்கும். மூளையின் மேலடுக்கான கார்டெக்ஸின் பகுதிகளில் 0-ஐ எடுத்தால், ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் அங்கே விழுந்த வாக்செல்கூடப் பெயர் வாங்கிக்கொள்ளும், பகுதி ஊதிப்போகும். 50-ஐ எடுத்தால் ஆளுக்கு ஆள் அதிகம் மாறும் சிறிய பகுதிகள் இளைத்து எலும்பாகிவிடும். தரவு ஒன்று, அளவு மூன்று. எந்தக் கோப்பில் முடிவு நன்றாக வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம் என்ற சபலம் எனக்கே வந்தது, பொய் சொல்லவில்லை.

இன்னொரு தொல்லை, வாக்செலின் அளவை மாற்றுவது. அட்லஸ் 2 மி.மீ., என் தரவு 3 மி.மீ. கார்டெக்ஸுக்குக் கீழே உள்ள பகுதிகளுக்கான லேபிள் கோப்பில் இடது வென்ட்ரிக்கிளின் அடையாள எண் 3, இடது ஹிப்போகேம்பஸின் எண் 9. கவனிக்காமல் நேரியல் இடைச்செருகலில் (அக்கம்பக்க எண்களைக் கலந்து சராசரி எடுக்கும் முறை) மாற்றினால், இரண்டுக்கும் நடுவில் விழும் வாக்செலுக்கு 6 வரும். 6 என்றால் புட்டாமென், சம்பந்தமே இல்லாத வேறு பகுதி! ஹிப்போகேம்பஸின் ஓரத்தில் புட்டாமென் முளைத்து நிற்கும். அருகிலுள்ள வாக்செலின் எண்ணை அப்படியே எடுக்கும் முறையில்தான் மாற்ற வேண்டும், அதில் ஓரம் படிக்கட்டாகும். நிகழ்தகவுக் கோப்பில் இந்தச் சிக்கலே இல்லை. 60-க்கும் 0-க்கும் நடுவில் 30 வந்தால் அதற்குப் பொருள் இருக்கிறது.

இதைவிட அசட்டுத்தனமான தவறு ஒன்றும் செய்தேன். அட்லஸோடு வரும் பெயர்ப்பட்டியல் 0-இலிருந்து எண்ணுகிறது, ஒட்டிய லேபிள் கோப்போ 1-இலிருந்து. பட்டியலில் இடது ஹிப்போகேம்பஸ் 8 என்று பார்த்து, கோப்பில் 8-ஐ எடுத்து, இரண்டு நாள் மூளைத்தண்டின் சிக்னலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மாஸ்கை (எடுத்த பகுதியை மட்டும் காட்டும் படத்தை) திறந்து பார்த்தபோது இடப்பக்கம் இருக்க வேண்டியது நட்டநடுவில் நின்றது.

இப்போது நான் செய்வது இது. முழு நிகழ்தகவுக் கோப்பை எடுத்து, 10-க்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடுகிறேன், இல்லையென்றால் 2, 3 என்று சிதறிக் கிடக்கும் வாக்செல்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் சேர்ந்து கனத்துவிடும். மிச்சத்தை அந்த ஆளின் சாம்பல்நிறத் திசு வரைபடத்தோடு பெருக்கி, கிடைக்கும் எண்ணையே எடையாக வைத்துச் சராசரி எடுக்கிறேன். நடுவில் இருப்பது உரக்கப் பேசும், ஓரத்தில் இருப்பது முணுமுணுக்கும். வெட்டை 10-இலிருந்து 20-க்கு மாற்றினாலும் என் முடிவு அசையவில்லை, லேபிள் கோப்பில் 25-ஐ 50 ஆக்கியபோது அசைந்தது. இது என் ஒரு தரவில் பார்த்தது, விதி இல்லை.

எதிர்த்தரப்பும் வலுவானதுதான். ஜூலிச் அட்லஸை எஸ்பிஎம் என்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்த ஐக்ஹோஃப் குழுவே 2006-இல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உச்ச நிகழ்தகவு வரைபடத்தின் பக்கம்தான் நின்றது. ஆனால் அவர்கள் கேட்டது எந்தப் பகுதியில் ஆக்டிவேஷன் விழுந்தது என்று. அதற்கு ஒரு வாக்செலுக்கு ஒரு பெயர் வேண்டும்தான். எனக்கு வேண்டியது பெயர் இல்லை, சராசரி சிக்னல்.

மூளை சுருங்கிப்போன முதியவர்களின் தரவுக்கு என் முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். 50 வயது வரை உள்ளவர்களிடமிருந்து எடுத்த எண்ணை எண்பது வயது மூளையில் போட்டால், ஹிப்போகேம்பஸ் என்று வரைபடம் சொல்லும் இடத்தில் திரவம்தான் இருக்கும். அங்கே நேரம் எவ்வளவு ஆனாலும் தனித்தனிப் பிரிப்புதான்.

பகுதிகளுக்கு இடையேயான தொடர்பைக் கணக்கிடும்போதும் எடைச் சராசரி காலை வாரும். எல்லையில் இருக்கும் ஒரே வாக்செல் ஹிப்போகேம்பஸுக்கும் பங்கு கொடுக்கும், அமிக்டலாவுக்கும் கொடுக்கும், அப்புறம் இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன என்று முடிவு வந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அந்த வேலைக்கு மட்டும் 25 வெட்டுக் கோப்புக்குத் திரும்பிப் போகிறேன். ஹிப்போகேம்பஸ் 9 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.