சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பொதுச் சங்கமா, தனிச் சங்கமா? நெல்லையிலிருந்து ஒரு கணக்கு

நெல்லைப் பக்கம் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: தேசிய அளவில் நமக்காகப் பேசப்போவது யார்? மூன்று வழி சொல்கிறார்கள். எல்லா மொழிக்காரர்களும் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் ஒரு பிரிவாகச் சேர்வது ஒன்று. சைகை மொழிக்கென்றே இருக்கும் தனிச் சங்கம் இன்னொன்று. சங்கமே வேண்டாம், அரசுச் சான்றிதழ் போதும் என்பது மூன்றாவது.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2015இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் துறைப் படிப்புகளை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த, சைகை மொழிபெயர்ப்புக்கான இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். எல்லாம் நல்லதுதான். ஆனால் சான்றிதழ் நமக்குத் தகுதி உண்டு என்று மட்டும்தான் சொல்லும். ஒரே ஆளைக் காலையிலிருந்து மதியம் வரை நிற்க வைத்துவிட்டு, “கையை ஆட்டுறதுக்கா அண்ணாச்சி இவ்வளவு துட்டு?” என்று கேட்பவருக்கு அது பதில் சொல்லாது.

பொதுச் சங்கத்தின் பலம் ஆள் பலம். அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் போனால் பின்னால் ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும். இன்னொன்றும் உண்டு. மாநாட்டுப் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேராக உட்கார்ந்து அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வது உலகம் முழுக்க வழக்கம். நாம் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும் என்று கேட்பதும் அதே காரணத்துக்குத்தான்: களைத்துப்போன மூளை பிழை விடும். ‘இரண்டு பேர் வேண்டும்’ என்பதை அவர்களும் சேர்ந்து சொன்னால் விழா நடத்துபவர்கள் காது கொடுப்பார்கள். இந்த ஒன்றில் பொதுச் சங்கத்துக்கு முழு மதிப்பெண்.

மற்றதில் குறைப்பேன். எழுத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சொல்லுக்கு என்ன விலை, பதிப்புரிமை யாருக்கு, இயந்திர மொழிபெயர்ப்பு வந்து பிழைப்பைக் கெடுக்குமா என்பதுதான் கவலை. கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் அதற்கே போகும். உலக மாநாட்டு மொழிபெயர்ப்பாளர் சங்கம் 1953இல் தொடங்கியது. சைகை மொழிக்காரர்களுக்குக் கதவு திறந்தது 2012இல்.

நம் கவலைகள் வேறு. நீதிமன்றத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் என் கை வெறும் நிழலாகத்தான் தெரியும். சாட்சிக்கு ஒன்றும் புரியாது. அதற்காக இரண்டடி தள்ளி நிற்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. பேச முடியாத சாட்சி என்றால் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியரின் உதவியை நீதிமன்றம் பெற வேண்டும், வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. அந்தக் கேமரா சாட்சியின் கையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்ததா? இல்லாவிட்டால் நான் சரியாகச் சொன்னேனா என்று பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது. மருத்துவமனையில் வலது கையில் டிரிப்ஸ் ஊசி குத்திவிட்டால் நோயாளி பாதி ஊமையாகிவிடுகிறார். இடது கையில் போடச் சொல்லவேண்டும். இதையெல்லாம் பொதுச் சங்கக் கூட்டத்தில் விளக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

தனிச் சங்கம் என்றதும் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே 1964இல் இண்டியானாவில் நடந்த ஒரு பயிலரங்கில் தொடங்கியது சைகை மொழிபெயர்ப்பாளர் பதிவகம். மாநிலக் கிளைகள் உண்டு. 2005இல் நடத்தை விதிகளை எழுதியபோது காது கேளாதோரின் தேசியச் சங்கத்தோடு சேர்ந்தே எழுதினார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். சேவை பெறுபவர் மேசைக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறார்.

இந்தியாவிலும் தனிச் சங்கம் இருக்கிறது. சிக்கல் தூரம். டெல்லியிலோ மும்பையிலோ உட்கார்ந்து விதி எழுதினால் ‘உங்களுக்குத் தெரிந்தவர் வழக்கில் மொழிபெயர்க்காதீர்கள்’ என்று எழுதுவது சுலபம். பாளையங்கோட்டையில் அது நடக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இங்கே காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அதில் படித்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கல்யாணத்தில் தாலி கட்டும்போது மேடையில் நின்ற அதே ஆள்தான் நாளைக்குக் குடும்ப நீதிமன்றத்திலும் நிற்கவேண்டும். தென்காசி, தூத்துக்குடி என்று தேடினாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறோம். இங்கே வேண்டியது தடை அல்ல. உறவு இருந்தால் முன்கூட்டியே சொல்லி, இரு தரப்பும் சம்மதித்தால் தொடர்வது, கேட்டதை வெளியே விடாமலிருப்பது என்ற விதி. சின்ன ஊரின் நிலைமை தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாவிட்டால் இது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அப்புறம் புகார். மொழிபெயர்ப்பாளர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று காது கேளாத ஒருவர் புகார் தர நினைத்தால், ஆங்கிலத்தில் படிவம் நிரப்பச் சொல்வது கதவைச் சாத்துவதற்குச் சமம். தமிழ் எழுத்தே பலருக்கு இரண்டாம் மொழி. வாட்ஸ்அப்பில் கையால் பேசி அனுப்பும் காணொளியைப் புகாராக எடுத்துக்கொள்ளும் சங்கத்துக்குத்தான் என் சந்தா. பொதுச் சங்கத்திடம் இதை எதிர்பார்க்க முடியாது. தனிச் சங்கத்திடம் சண்டை போட்டாவது வாங்கலாம்.

ஆகவே என் ஓட்டு தனிச் சங்கத்துக்கு, மூன்று நிபந்தனையோடு: செயற்குழுவில் தெற்கு மாவட்டங்களுக்கு ஓர் இடம், காது கேளாதவர்களுக்கு ஓட்டுரிமையோடு இடம், கூட்டங்களில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும் ஓடாமல் சைகை மொழி. கூலி, இரண்டு பேர் விதி ஆகிய இரண்டுக்கும் மட்டும் பொதுச் சங்கத்தோடு கூட்டறிக்கை போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு வருடம் புதியவர்களுக்குச் சந்தாவில் பாதி தள்ளுபடி கொடுத்தால், பட்டயம் முடித்து வரும் பிள்ளைகளும் வந்து சேருவார்கள்.