பிளேக்கியின் மூன்று கிளப் பதிவுகள்: எதை முதலில் கேட்கலாம்?

ஹார்ட் பாப் என்கிற, ப்ளூஸ் வாசனை கலந்த 1950-களின் ஜாஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் கிளப் பதிவைக் கேளுங்கள் என்று சொல்வது சுலபம். எந்தப் பதிவு என்பதில்தான் சிக்கல். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் பதிவான ‘எ நைட் அட் பேர்ட்லேண்ட்’ ஒன்று. 1955 நவம்பரில் கிரீனிச் வில்லேஜில் இருந்த கஃபே பொஹீமியாவில் பதிவானது இன்னொன்று. 1960 செப்டம்பரில் மறுபடி பேர்ட்லேண்டில் பதிவான ‘மீட் யூ அட் த ஜாஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட்’ மூன்றாவது. மூன்றும் ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. மூன்றையும் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்ற ஐவர் அமைப்பும் மூன்றிலும் ஒன்றே. ஆனால் மூன்றிலும் இருக்கிற ஒரே கலைஞர் பிளேக்கிதான்.

அதனால் இவற்றை ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் ஒன்றே ஒன்று: அடுத்தவர் சோலோ வாசிக்கும்போது இந்த மனிதர் என்ன செய்கிறார்? அவருடைய டிரம் சோலோக்களை வைத்து முடிவு செய்தால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

1954 பதிவின் புகழுக்குக் காரணம் கிளிஃபர்ட் பிரவுன். அப்போது அவருக்கு 23 வயது. இரண்டே ஆண்டுகளில், 1956 ஜூனில், கார் விபத்தில் இறந்துபோனார். ‘ஒன்ஸ் இன் எ வைல்’ என்ற மெதுவான பாட்டில் அவருடைய டிரம்பெட்டைக் கேளுங்கள். எவ்வளவு வேகமாகச் சுற்றிச் சுழன்றாலும் ஒரு ஸ்வரம்கூட மழுங்குவதில்லை, தொனியின் இதமும் குறைவதில்லை. ஆல்டோ சாக்ஸபோனில் லூ டொனால்ட்சன், பியானோவில் ஹொரஸ் சில்வர், பாஸில் கர்லி ரஸ்ஸல். ‘ஸ்ப்ளிட் கிக்’, ‘குவிக்சில்வர்’, ‘மேரே’ ஆகிய மூன்றும் சில்வர் எழுதியவை. மற்றவற்றில் கணிசமானவை 1940-களின் வேகமான ஜாஸான பீபாப் காலத்துச் சரக்கு. சார்லி பார்க்கரின் ‘நவ்ஸ் த டைம்’, ‘கன்ஃபர்மேஷன்’ இரண்டும் உண்டு. அந்த கிளப்பே ‘பேர்ட்’ என்ற அவருடைய பட்டப்பெயரில் நடந்ததுதான்.

இதில் பிளேக்கி தள்ளுகிறார். காலால் மூடித் திறக்கும் ஜால்ரா ஜோடியான ஹை-ஹாட்டை இரண்டாவது, நான்காவது அடியில் பட்டென்று மூடுவது, ஒரு கோரஸ், அதாவது மெட்டின் ஒரு முழுச் சுற்று, முடியும் இடத்தில் ஸ்நேர் டிரம்மில் குச்சிகளை அழுத்தி உருட்டிப் பெரிதாக்கி, வாசிப்பவரை அடுத்த கோரஸுக்குள் தூக்கிப் போடுவது. பிரஸ் ரோல் என்கிற இந்த வித்தை அவருடைய கையெழுத்து மாதிரி. பிரவுனுக்கு அது உரம். அடி விழ விழ அவர் இன்னும் உயரப் போகிறார். ஆனால் கூர்ந்து கேட்டால் இது ஐந்து பெரிய ஆட்கள் ஒரே மேடையில் ஏறிய இரவு. ஒரு குழுவின் பேச்சாக இன்னும் ஆகவில்லை. தட்டின் மேல் அச்சான பெயரும் ‘ஆர்ட் பிளேக்கி குவின்டெட்’ என்பதுதான். இளையவர்களோடுதான் இருக்கப்போகிறேன், இவர்களுக்கு வயதானால் இன்னும் இளையவர்களைச் சேர்த்துக்கொள்வேன் என்று அதே மேடையில் மைக்கில் சொல்கிறார் பிளேக்கி. 1990-இல் இறக்கும்வரை அதைத்தான் செய்தார்.

சரி, 1955-க்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான்.

இங்கே குழுவின் பெயர் ‘த ஜாஸ் மெசஞ்சர்ஸ்’. சில்வர் தொடர்கிறார். டிரம்பெட்டில் கென்னி டோர்ஹாம், டெனர் சாக்ஸபோனில் ஹேங்க் மோப்லி, பாஸில் 21 வயது டக் வாட்கின்ஸ். ஆல்டோ போய் டெனர் வந்தது சின்ன மாற்றமாகத் தெரியலாம். ஆனால் டிரம்பெட்டுக்குக் கீழே கனமான ஒரு குரல் சேர்ந்ததும் இருவரும் சேர்ந்து வாசிக்கும் மெட்டுக்கு உடம்பு வந்துவிடுகிறது. பின்னாளில் மெசஞ்சர்ஸ் சத்தம் என்று நாம் அடையாளம் காண்பது இதைத்தான்.

டோர்ஹாமும் மோப்லியும் பிரவுனைப் போல முதல் நொடியிலேயே ஆளை அசத்துகிறவர்கள் அல்ல. இருவருமே கொஞ்சம் அடக்கமாக, யோசித்து யோசித்து வாசிப்பவர்கள். இந்த இடத்தில்தான் பிளேக்கியின் பெருமை எனக்குப் புரிந்தது. ‘அலோன் டுகெதர்’ பாட்டில் மோப்லிக்குப் பின்னால் அவர் எவ்வளவு ஒதுங்கி நிற்கிறார்! ‘யெஸ்டர்டேஸ்’ பாட்டில் டோர்ஹாமுக்கும் அப்படியே. அதே ஆள் டோர்ஹாமின் ‘மைனர்ஸ் ஹாலிடே’ ஓடத் தொடங்கியதும் பின்னாலிருந்து நெருக்குகிறார். நெருக்கினாலும் வாசிப்பவரின் வாக்கியத்தை உடைப்பதில்லை, அவர் மூச்சு விடும் இடத்துக்குக் காத்திருக்கிறார். நல்ல கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்தே வாசிப்பாரே, அந்தக் கவனம். ‘அவிலா அண்ட் டெக்கீலா’வில் கதவைத் திறந்துவிட்டதுபோல முழு பலத்தோடு இறங்குகிறார். இந்த மூன்று நிலைகளும் ஒரே இரவுக்குள் கிடைப்பது இந்தப் பதிவில்தான். அடுத்த ஆண்டே சில்வர், மோப்லி, வாட்கின்ஸ், டோர்ஹாம் எல்லோரும் பிரிந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால், வான் கெல்டர் அன்றைக்கு மைக்கோடு அங்கே போனது நம் அதிர்ஷ்டம்.

1960 பதிவு வேறு ரகம். டிரம்பெட் வாசிக்கும் லீ மோர்கனுக்கு 22 வயது, டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் வெய்ன் ஷார்ட்டருக்கு 27, பியானோவில் பாபி டிம்மன்ஸ், பாஸில் ஜிமி மெரிட். ஸ்டீரியோ வந்துவிட்டதால் ஒலியில் இதுதான் மூன்றிலும் வசதியானது. பழைய பதிவுகளின் சத்தம் ஒத்துவராதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம், தப்பில்லை. குழு இறுகி ஒரே உடலாக வாசிக்கிறது. மோர்கன் வம்பிழுப்பதுபோலக் கத்தரித்துக் கத்தரித்து வாசிக்க, ஷார்ட்டர் யாரும் எதிர்பாராத மூலையிலிருந்து தொடங்குகிறார். பிளேக்கியின் அடி இங்கே அதிகாரமானது. எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று அவரே தீர்மானிக்கிறார். எனக்கு அந்த அதிகாரம் சில நேரம் அதிகமாகப்படுகிறது.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. இந்த 1960 தட்டுகளில் இருக்கும் ‘த ஓப்பனர்’, ‘ஹை மோட்ஸ்’, ‘நைட் வாட்ச்’ மூன்றும் ஹேங்க் மோப்லி எழுதியவை. 1955-இல் டெனர் வாசித்த ஆள் இந்த மேடையில் இல்லை, ஆனால் குழு அவருடைய மெட்டுகளில்தான் நடக்கிறது. மோப்லியைச் சாதாரணமாக ஒதுக்கிவிடுகிறவர்கள் இதையாவது கவனிக்க வேண்டும்.

ஆகவே கஃபே பொஹீமியாவின் முதல் தொகுதியில் தொடங்குங்கள், அப்புறம் 1960-க்குப் போங்கள். பேர்ட்லேண்ட் 1954-ஐ நான் கடைசியில் வைப்பது மதிப்புக் குறைவால் அல்ல. பிரவுனைக் கேட்ட காதுக்கு வேறு யாரும் சில நாள் ருசிக்க மாட்டார்கள், அது டோர்ஹாமுக்குச் செய்யும் அநியாயம். அதைக் கேட்டு முடித்தவர்கள் அதே 1954 ஆகஸ்டில் பிரவுன் கலிஃபோர்னியாவின் பாசடினாவில் மாக்ஸ் ரோச்சோடு வாசித்த மேடைப் பதிவையும் தேடிப் பிடியுங்கள். அதுவும் ஐவர் குழுதான், தலைமை இருவருக்கும் பொது. ரோச் தள்ளுவதில்லை, பிரவுனோடு சேர்ந்து டிரம்ஸிலேயே மெட்டு கட்டுகிறார். ஒரே டிரம்பெட், ஒரே ஆண்டு, இரண்டு டிரம்மர்கள். பிளேக்கி பேர்ட்லேண்டில் பிரவுனுக்கு எதைச் சேர்த்தார் என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.