புதுப் பயிற்சியாளரின் முதல் சீசன்: ஆட்களை மாற்றுவதா, வளர்ப்பதா?

2023இல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சரிந்து கிடந்த இரண்டு அணிகள், புதுத் தலைமைப் பயிற்சியாளரோடு இரண்டு வழியில் போயின.

வேகம்
கொலராடோ: டியான் சாண்டர்ஸ் 80க்கும் மேற்பட்ட புதுமுகங்களைச் சேர்த்தார், பெரும்பாலோர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியே. முதல் 3 ஆட்டமும் வெற்றி.
நெப்ராஸ்கா: மேட் ரூல் பள்ளி வீரர்களை வளர்ப்பதையே முக்கியமாக நம்பினார். முதல் 2 ஆட்டமும் தோல்வி. ஒன்று கொலராடோவிடமே, 36-14.

தாக்குப்பிடித்தல்
கொலராடோ: 4-8 (4 வெற்றி, 8 தோல்வி). பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து லைன்மேன்களும் சேர்ந்து பழகவே மாதக்கணக்காகும். பாய்ந்து வருபவனை யார் பிடிப்பது என்று அரை நொடி தடுமாறினாலும் குவார்ட்டர்பேக் தரையில்தான். இப்படி வீசும் முன்பே அவர் வீழ்த்தப்படுவதுதான் சாக். சீசன் முழுக்க 50க்கு மேல் சாக். ஸ்டான்ஃபோர்டிடம் இடைவேளையில் 29-0 என முன்னிலை. கடைசியில் 46-43 தோல்வி. வேதனையான இரவு அது.
நெப்ராஸ்கா: 5-7. தற்காப்பு உறுதி, பந்தைப் பறிகொடுத்தே கெட்டது. கடைசி 4 தோல்வியும் 7 புள்ளிக்குள்.

அடுத்த ஆண்டு: கொலராடோ 9-4, நெப்ராஸ்கா 7-6.

நல்ல குவார்ட்டர்பேக் கையில் இருந்தால் போர்ட்டல் சரி. ஆனால் முதலில் லைன்மேன்களை எடுங்கள். அவன் இல்லாத அணிக்கு நெப்ராஸ்கா வழியே பொருந்தும், மூன்று ஆண்டாவது பொறுக்க நிர்வாகம் தயாராக இருந்தால்.