செயல்திட்டத்துக்கு எங்கே தேடலாம்: கைப்பேசியா, பள்ளி அலமாரியா, மைய நூலகமா, மின்நூலகமா?

சேலத்தில் பிளஸ் ஒன் மாணவர்களிடம் 'ஏற்காட்டின் வரலாறு' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்துப் பாருங்கள். முப்பது பேர் எழுதினால் முப்பதிலும் அதே இரண்டு பத்திகள்தான் இருக்கும்: ஆட்சியராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார், 'ஏழைகளின் ஊட்டி' என்று பெயர் வந்தது, முற்றும். 'நூலகத்துக்குப் போங்கள்' என்று அதட்டி இதை மாற்ற முடியாது. கைப்பேசியில் முடிகிற வேலைக்கு யார் பஸ் ஏறுவார்கள்? எந்த இடம் எதற்கு உதவும் என்று பிரித்துக் காட்டினால் சிலராவது போவார்கள்.

முதலில் கைப்பேசி. ஓர் ஆண்டு, ஒரு பெயர், அண்மையில் வந்த அறிவியல் செய்தி என்றால் அதற்குப் போட்டியே இல்லை. அதன் பெரிய குறை, தவறாகச் சொல்வதைவிட, எல்லையைச் சொல்லாமல் விடுவது. சேலம் மாவட்ட மக்கள்தொகையையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 34.8 லட்சம். இதை 1961ஆம் ஆண்டின் எண்ணோடு அப்படியே ஒப்பிடுகிற மாணவர் குழியில் விழுவார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மூன்றும் அடங்கியிருந்தன. 1965இல் தர்மபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல். கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்து தனியானது. தேடலில் எண் மட்டும் வந்து நிற்கும். பழைய கணக்கெடுப்புத் தொகுதியைக் கையில் எடுத்தவர் வட்டங்களின் பட்டியலில், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஓசூரைப் பார்த்ததும் திடுக்கிட்டு நிற்பார். அந்தத் திடுக்கிடலில்தான் ஆய்வு தொடங்குகிறது.

பள்ளி நூலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. திறந்திருந்தால் அகராதிக்கும் கதைப் புத்தகத்துக்கும் போதும்.

மாவட்ட மைய நூலகம் வேறு தரம். அங்கே குறிப்புதவிப் பகுதி இருக்கிறது; அந்த நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், உட்கார்ந்துதான் குறிப்பெடுக்க வேண்டும். ஒரு நூலைத் தேடும்போது பக்கத்தில் இருக்கும் நான்கு நூல்கள் கண்ணில் படும். காபியைத் தேடிப் போனவர் ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றிய நூலோடு திரும்பலாம். நூலகரிடம் தலைப்பைச் சொல்லாமல் கேள்வியைச் சொல்லுங்கள். 'ஏற்காடு' என்றால் சுற்றுலா நூலை எடுத்துத் தருவார். 'காபி வருவதற்கு முன் மலையில் என்ன பயிரிட்டார்கள்?' என்றால் அவரும் யோசிக்கத் தொடங்குவார்.

குறைகளும் உண்டு. வாசிப்பு அறைகளைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே நிறைத்துவிடுகிறார்கள். சீருடையில் வரும் பிள்ளை தயங்கி வாசலில் நிற்கும். தயங்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்த நாற்காலிக்கு அப்பா ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். இன்னொன்று, பழைய பதிப்புகள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் வரலாற்றுக்கும் தாவரங்களுக்கும் இன்றும் அருமையானது. கணினியைப் பற்றி எழுத அதைத் திறப்பது வீண்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களான நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ இருக்கும் மாணவிக்கு இந்த அறிவுரையெல்லாம் பாதிதான் பொருந்தும். ஏற்காட்டுக்கு வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். அவளுக்கு என் தேர்வு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். கலைக்களஞ்சியமே அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் இணையம் இல்லாமலே படிக்கலாம். இதுவும் இணையம்தானே என்று கேட்கலாம். வருகிற வழி மட்டும்தான் இணையம். கையில் இருப்பது பக்க எண்ணும் பதிப்பாண்டும் உள்ள நூல்.

பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரிகளான லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் தொகுத்த மாவட்ட விவரச் சுவடியும் (கெசட்டியர்) ஆங்கிலத்தில் ஸ்கேன் பிரதிகளாகக் கிடைக்கின்றன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பற்றி இவற்றில் உள்ள அளவுக்குத் தேடல் முடிவுகளில் வராது. ஆனால் வெள்ளை அதிகாரியின் கண்ணில் பட்ட மலை அது. மலைமக்களைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்புகளை அப்படியே நகலெடுக்கக் கூடாது. ஆசிரியர் பக்கத்தில் இருந்து படிக்க வைக்க வேண்டிய நூல்கள். 1883 கையேட்டின் சேலத்தில், இன்று தனி மாவட்டமாக இருக்கும் திருப்பத்தூரும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் யோசனை, தலைப்பை மாற்றுங்கள். 'ஏற்காட்டின் வரலாறு' வேண்டாம். '1883ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ள எந்தெந்த ஊர்கள் இன்று சேலம் மாவட்டத்தில் இல்லை?' என்று கேளுங்கள். விடையோடு நூலின் பெயரும் பதிப்பாண்டும் பக்க எண்ணும் எழுதினால்தான் மதிப்பெண் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கச் சொல்லாதீர்கள். இரண்டு வாரமாவது கொடுங்கள்.